ஃபைஃபோவில் முதல் கிளையன்ட் மூடியதும் ரீட் 0 தந்துகொண்டே இருக்கிறது

கேள்வி:
லினக்ஸ், சி. சர்வர் எம்கேஃபைஃபோ மூலம் பெயருள்ள பைப் (ஃபைஃபோ: ஒரு நிரல் எழுதுவதை இன்னொன்று படிக்க உதவும் சிறப்பு ஃபைல்) ஒன்றை உருவாக்கி, ஓ_ஆர்டிஒன்லி (படிக்க மட்டும்) கொடுத்துத் திறந்து, லூப்பில் ரீட் செய்கிறது. கிளையன்டுகள் பல. ஒவ்வொன்றும் திறந்து, ஒரு வரி எழுதி, மூடிவிடும். முதல் கிளையன்ட் வரும்வரை சர்வர் ஒழுங்காகக் காத்திருக்கிறது. அது மூடியபின் ரீட் நிற்பதே இல்லை, 0 தருகிறது, சிபியு 100%. சில நேரம் இரண்டு செய்திகள் ஒட்டிக்கொண்டு வருகின்றன, கடைசியில் குப்பை எழுத்துகளும் சேர்ந்து.

பதில் 1:
0 என்றால் ஃபைல் முடிந்தது என்று பொருள். எழுதும் முனையை யாருமே திறந்து வைத்திருக்காதபோது கர்னல் அதைத்தான் தரும். தரவு வரும்வரை காத்திருக்கும் 'போல்' அழைப்பைப் போட்டாலும் தப்ப முடியாது, மறுமுனை மூடியது என்று சொல்லும் போல்ஹப் வந்து உடனே திரும்பிவிடும்.

வழக்கமான தீர்வு: சர்வரே அதே ஃபைஃபோவை ஓ_டபிள்யூஆர்ஒன்லி (எழுத மட்டும்) என்று இன்னொரு முறை திறந்து, எதுவும் எழுதாமல் சும்மா வைத்திருக்கட்டும். படிக்கும் முனையை முதலில் திறக்க வேண்டும். வரிசையை மாற்றினால் எழுதும் ஓப்பன் அங்கேயே தொங்கிவிடும். ஓ_ஆர்டிடபிள்யூஆர் (படிக்கவும் எழுதவும்) என்று ஒரே ஓப்பனில் முடிக்கலாம், லினக்ஸில் வேலை செய்யும். ஆனால் ஃபைஃபோவுக்கு அது எப்படி நடக்கும் என்று போசிக்ஸ் (யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான தரநிலை) வரையறுக்கவில்லை.

பதில் 2:
ஒட்டுவது பிழை அல்ல. பைப்பில் ஓடுவது வெறும் பைட்டுகள், செய்திக்கு எல்லை கிடையாது. வரி முடிவைத் தேடிப் பிரியுங்கள். பாதி வரி வந்தால் மிச்சத்தை பஃபரில் வைத்துக்கொண்டு அடுத்த ரீடை அதன் பின்னால் சேருங்கள். குப்பை எழுத்துக்குக் காரணம், ரீட் கடைசியில் பூஜ்ய பைட் போடாது. அளவைவிட ஒன்று குறைவாகப் படித்து, திரும்பிய எண்ணிக்கையின் இடத்தில் நீங்களே 0 வையுங்கள். ஸ்டிரிங் ஃபங்ஷன்களெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இரண்டு கிளையன்டுகளின் எழுத்து நடுவில் கலக்காமலிருக்க, ஒவ்வொரு ரைட்டும் பைப்_பஃப் (பிளவுபடாமல் எழுதப்படும் உச்ச அளவு) அளவுக்குள் இருக்க வேண்டும். லினக்ஸில் 4096 பைட், போசிக்ஸ் உறுதி தருவது 512 மட்டுமே. எஃப்பிரிண்ட்எஃப் பயன்படுத்தினால், எஃப்ஃப்ளஷ் செய்யும்வரை, அல்லது பஃபர் நிரம்பும்வரை, அல்லது மூடும்வரை எதுவும் போகாது. நேரடி ரைட் நல்லது.

கேட்டவர்:
இரண்டும் சரியாகிவிட்டன, நன்றி. சர்வர் ஓடாதபோது கிளையன்ட் ஓப்பனிலேயே நின்றுவிடுகிறதே?

பதில் 1:
கிளையன்டின் ஓப்பனில் ஓ_நான்பிளாக் (காத்திருக்காமல் உடனே திரும்பு என்ற கொடி) சேருங்கள். படிக்க ஆளில்லை என்றால் ஓப்பன் -1 தரும், பிழை எண்ணான எர்னோவில் ஈஎன்எக்ஸ்ஐஓ இருக்கும். அதே கொடியால், பைப் நிரம்பியிருந்தால் (இயல்பான கொள்ளளவு 65536 பைட்) ரைட் ஈஅகெய்ன் (பிறகு முயலுங்கள் என்ற பிழை) தரும், அதையும் கவனியுங்கள். எழுதும் நேரத்தில் சர்வர் செத்தால் சிக்பைப் என்ற சிக்னல் வந்து கிளையன்டையும் கொன்றுவிடும். அந்த சிக்னலைப் புறக்கணித்தால் ரைட் ஈபைப் என்று பிழை மட்டும் தரும்.

பதில் 2:
இன்னொன்று. எம்கேஃபைஃபோ ஈஎக்ஸிஸ்ட் தந்தால் "ஏற்கெனவே இருக்கிறது, நல்லது" என்று தாண்டிவிடாதீர்கள். ஃபைஃபோ இல்லாத நேரத்தில் யாராவது ஷெல்லில் அந்தப் பெயருக்கு எக்கோவைத் திருப்பியிருந்தால் அங்கே சாதாரண ஃபைல்தான் இருக்கும். திறந்தபின் எஃப்ஸ்டாட் செய்து, அது ஃபைஃபோதானா என்று எஸ்_இஸ்ஃபைஃபோ கொண்டு பார்த்துவிடுங்கள்.