ஐசியூவில் வலி தணிப்புக் குழுவை முன்கூட்டியே அழைக்க வைப்பது எப்படி?

12 படுக்கை உள்ள ஐசியூவில் செவிலியராக இருக்கிறேன். வலி தணிப்புக் குழு (பேலியேட்டிவ் கேர், அதாவது கடும் நோயில் வலியையும் வேதனையையும் குறைத்து, குடும்பத்துக்கும் துணை நிற்பவர்கள்) அதே கட்டடத்தில்தான் இருக்கிறது. ஆனால் அவர்களுக்கு அழைப்பு போவதோ நோயாளியின் கடைசி நாளில். "கூப்பிட்டா கைவிட்டுட்டோம்னு நினைப்பாங்க" என்கிறார்கள் மருத்துவர்கள். வலி தணிப்பைத் தீவிர சிகிச்சையோடு சேர்த்தே தரலாம் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

4 மாதமாக முயல்கிறோம். வென்டிலேட்டரில் 7 நாள் தாண்டினால் தானாக அழைப்பு என்று விதி வைத்தோம். இரண்டே வாரத்தில் மறந்துபோனது. 72 மணி நேரத்துக்குள் குடும்பத்தோடு பேச்சு என்றோம், நேரம் ஒதுக்க ஆளில்லை. பேச முடியாதவர்களுக்கு முகச்சுளிப்பு, உடல் அசைவு பார்த்து வலி மதிப்பெண் போடுவது மட்டும் நிலைத்தது. போன வாரம் ஒரு மகள் கண்ணாடிக் கதவோரம் நின்று, "அப்பாவுக்கு வலிக்குதா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

உங்கள் ஐசியூவில் முதல் 3 நாளுக்குள் அந்த அழைப்பைப் போக வைத்தது எது?