பிளஸ் டூ பிரிவு உபசார விழா: 15 நிமிட நகைச்சுவை நிகழ்ச்சி அமைக்க யோசனை வேண்டும்

சாக்பீஸ்_டீச்சர் கேட்டது:

வணக்கம். எங்கள் பிளஸ் ஒன் பிள்ளைகள் பிளஸ் டூ அண்ணன், அக்காக்களுக்குப் பிரிவு உபசார விழா நடத்துகிறார்கள். செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டரை மணிக்கு. இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. விடைபெறுகிறவர்கள் 92 பேர், மற்ற வகுப்புகளோடு சேர்த்துப் பார்வையாளர்கள் 400 பேர் வரை. திறந்தவெளி மேடை, 20 அடிக்கு 15 அடி, மேலே தகரக் கூரை. மைக் செட்காரர் ஸ்டாண்டோடு மூன்று மைக் தருவார். காலர் மைக் கிடையாது.

பிள்ளைகளுக்கு ஆசிரியர்களைப் போல நடித்துக் காட்ட ஆசை. வசனத்தைச் செல்போனில் முன்கூட்டியே பதிவு செய்து, மேடையில் வாயசைக்கலாம் என்கிறார்கள். அது சரியாக வருமா? ஆசிரியர்களை எந்த அளவுக்குக் கிண்டல் செய்யலாம்? 92 பேருக்கும் பட்டப்பெயர் கொடுக்க வேண்டும் என்றும் கேட்கிறார்கள், நேரம் போதுமா?

---

மேடைப்பலகை எழுதியது:

டீச்சர், நகைச்சுவைக்குப் பதிவு வசனம் வேண்டவே வேண்டாம். நடனத்துக்கும் மௌன நாடகத்துக்கும் பதிவு பொருந்தும். நகைச்சுவையில் கூட்டம் சிரிக்கும்போது பதிவு நிற்காது. அடுத்த இரண்டு வசனம் சிரிப்புக்குள் முங்கிப்போகும். அந்த இரண்டில் ஒன்று அடுத்த சிரிப்புக்குப் போட்ட அடித்தளமாக இருக்கும். அது காதில் விழாததால் அடுத்த சிரிப்பு வராது. மூன்றாவது நிமிடத்திலிருந்து பிள்ளைகள் சும்மா வாயசைத்துக்கொண்டிருப்பார்கள்.

கட்டாயம் பதிவுதான் என்றால் ஒரே கோப்பாக வைக்காதீர்கள். ஒவ்வொரு சிரிப்பிடத்திலும் வெட்டி, 12 அல்லது 15 துண்டாக வரிசை எண் போட்டு வையுங்கள். ஒத்திகையில் கூடவே இருந்த பிள்ளை ஒருத்தி அவற்றை இயக்கட்டும். போனை விமான நிலையில் (ஃப்ளைட் மோட்) போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உச்சக்கட்டத்தில் யாரோ கூப்பிட, அழைப்பு மணி ஸ்பீக்கர் பாக்ஸில் அலறும். ப்ளூடூத் வேண்டாம், வயரிலேயே இணையுங்கள்.

நேரடியாகப் பேசினால் முதல் எதிரி மைக்தான். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி. தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். பிள்ளை மூன்றடி தள்ளி நின்று பேசினால் மைக் செட்காரர் வால்யூமை ஏற்றுவார், ஏற்றினால் மைக் கூவும். தகரக் கூரை வேறு சத்தத்தைத் திருப்பி மைக்குக்கே அனுப்பும். அதனால் பாக்ஸ் இரண்டையும் மைக் வரிசைக்கு ஐந்தடி முன்னால், கூட்டத்தைப் பார்த்தபடி வைக்கச் சொல்லுங்கள். மூன்று மைக்கையும் மேடையின் முன்விளிம்பில் ஆறடிக்கு ஒன்றாக நிறுத்துங்கள். எந்த வசனம் எந்த மைக்கில் என்று நோட்டிலேயே 1, 2, 3 என எழுதிவிடுங்கள். நடந்து வந்து, நின்று, பிறகு பேச வேண்டும். நடந்துகொண்டே பேசியது பின்வரிசைக்குப் போகாது.

நாடகம்தான் என்று முடிவானால் தெருக்கூத்தில் கதையை அறிவிக்கிற கோமாளியான கட்டியங்காரனைக் கூட்டி வாருங்கள். நடு மைக் முழுக்க அவனுக்கு. வருகிறவர்களை "யார் நீங்க, எதுக்கு வந்தீங்க?" என்று கேட்பான். அவர்கள் சொன்னதைத் தன் பாணியில் திருப்பிச் சொல்வான். கேட்காமல் போன வசனமும் இரண்டாவது தடவை கேட்டுவிடும். யாராவது வசனத்தை மறந்தால் எடுத்துக்கொடுப்பதும் அவன் பொறுப்பு. காட்சி மாற்றத் திரை கூடத் தேவைப்படாது.

எழுத்துக் கணக்கு: நீள நோட்டில் ஒரு பக்க வசனம், சிரிப்புக்கு நிற்கிற நேரத்தோடு, ஏறக்குறைய இரண்டு நிமிடம். 15 நிமிடத்துக்கு ஆறு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். சிரிப்பு உச்சத்துக்குப் போய்ப் பாதியாக இறங்கும்போது அடுத்த வசனத்தைத் தொடங்க வேண்டும். சிரிப்பு வரவில்லையென்றால் காத்திருக்கக் கூடாது. அப்படியே அடுத்ததுக்குப் போய்விட வேண்டும். இதைத் தனியாகப் பயிற்சி கொடுத்தால்தான் வரும். ஒத்திகையில் நாலு பிள்ளைகளை எதிரே உட்கார வைத்து, எதிர்பாராத இடத்தில் சிரிக்கச் சொல்லுங்கள்.

---

குடமும்_கோலும் எழுதியது:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனாலும் மூன்று மைக், 15 நிமிடம், 92 பேர் என்ற கணக்குக்கு நாடகத்தைவிட வில்லுப்பாட்டு கச்சிதமாகப் பொருந்தும். எல்லோரும் உட்கார்ந்தே இருப்பார்கள், மைக் அசையாது. தென்மாவட்டக் கோயில் கொடை விழாக்களில் விடிய விடியப் பாடுகிற வடிவம் இது. கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் அதை நகைச்சுவைக்கும் எடுத்தாண்டார். வில்லிசைக் கலைஞர் சுப்பு ஆறுமுகம் ஊர் ஊராகக் கொண்டுபோனார். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

வில்லுப்பாட்டின் மரபான வரிசை ஒரு பிரிவு விழாவுக்காகவே செய்ததுபோல இருக்கும். காப்பு (கடவுள் வாழ்த்து), வருபொருள் உரைத்தல் (பாடப்போவதைச் சொல்வது), குருவடி பாடுதல் (குரு வணக்கம்), அவையடக்கம் (சபையிடம் பணிவு சொல்வது), நாட்டுவளம், கதைக்கூறு, வாழிபாடுதல் (வாழ்த்தி முடிப்பது). குருவடியில் ஆசிரியர்கள் வந்துவிடுவார்கள். நாட்டுவளத்தில் பள்ளிக்கூடம் வரும். வாழியில் விடைபெறுகிற பிள்ளைகள். காப்புக்குப் பள்ளி மணியைப் பாடுங்கள், எல்லா மதத்துப் பிள்ளைகளுக்கும் பொது.

ஒத்திகையில் 12 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். காப்பும் வருபொருளும் சேர்த்து 1, குருவடி 2, அவையடக்கம் அரை, நாட்டுவளம் ஒன்றரை, கதை 4, வாழி 3. மிச்சம் மூன்று நிமிடத்தைச் சிரிப்பும் கைதட்டலும் எடுத்துக்கொள்ளும்.

ஆள் ஏழு பேர்: வில்லை அடித்துப் பாடுகிற தலைமைப் பாடகர், உடுக்கை, குடம், ஜால்ரா, தாளக் கட்டை, பின்பாட்டுக்கு இரண்டு பேர். ஒரு மைக் தலைமைப் பாடகருக்கு, ஒன்று பின்பாட்டு இருவருக்கும் நடுவில், மூன்றாவது உடுக்கைக்கும் குடத்துக்கும் இரண்டடி தள்ளி. வில்லில் கட்டிய மணிகளின் சத்தம் மைக் இல்லாமலே எட்டும். வில்லுக்குப் பக்கத்தில் மைக்கை வைத்தால் பாட்டு கேட்காது. உட்கார்ந்து பாடுவதால் குட்டை ஸ்டாண்ட் வேண்டும் என்று முன்னாடியே சொல்லிவிடுங்கள். நெட்டை ஸ்டாண்டை வளைத்துக் கட்டினால், வில்லை அடிக்கக் கோலை ஓங்கும்போது தட்டிவிடும்.

இந்தக் கலையில் சிரிப்பு பிறப்பது, ஒவ்வொரு வரிக்கும் பின்பாட்டுக்காரர்கள் போடுகிற "ஆமா"வில்தான். நாட்டுவளத்துக்கு ஒரு மாதிரி தருகிறேன்:

வேப்பமரம் நாலுண்டு (ஆமா)
விளையாடத் திடலுண்டு (ஆமா)
வரிசையாக் குழாயுண்டு (ஆமா)
திறந்தாத் தண்ணி வருமுண்டு...

இங்கே பின்பாட்டு "ஆமா" சொல்லக் கூடாது. உடுக்கை, ஜால்ரா எல்லாம் நின்றுவிட வேண்டும். மனசுக்குள் மூன்று எண்ணிய பிறகு ஒருவர் மட்டும் மெதுவாக, "எப்ப?" என்று கேட்க வேண்டும். அந்த மூன்று எண்ணிக்கையில்தான் 400 பேரும் சிரிப்பார்கள். பிள்ளைகள் பதற்றத்தில் இரண்டாவது எண்ணிலேயே கேட்டுவிடுவார்கள், அதை மட்டும் நூறு தடவை பழக்குங்கள். இந்த உத்தியை மொத்த நிகழ்ச்சியில் மூன்று தடவைக்கு மேல் வைக்காதீர்கள்.

கதைக்கு: செய்முறை ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கப் போன வீரனின் கதை. ஆய்வகம் போனால் சார் ஸ்டாஃப் ரூம் போய்விட்டார், ஸ்டாஃப் ரூம் போனால் சார் அலுவலகம் போய்விட்டார், அலுவலகம் போனால் சார் அங்கேயே இருக்கிறார், பேனாவில் மை இல்லை. அந்த வாரம் பிளஸ் டூ பிள்ளைகள் எல்லோர் கையிலும் அந்த நோட்டு இருக்கும். விளக்கமே சொல்ல வேண்டாம்.

---

ஏழாம்_மணி எழுதியது:

ஆசிரியர்களைக் கிண்டல் செய்வது பற்றி. ஒரு ஆசிரியர் வகுப்பில் *செய்கிறதை* நடிக்கலாம், அவர் *எப்படி இருக்கிறார்* என்பதை நடிக்கக் கூடாது. சாக்பீஸை மூன்று தடவை தட்டிவிட்டு எழுதுவது, "இது அஞ்சு மார்க் கேள்வி, கோடு போட்டுக்கோங்க" என்கிற தொனி, மணி அடித்த பிறகும் "ஒரே ஒரு கணக்கு" என்பது, இதெல்லாம் சரி. நிறம், பருமன், திக்குவாய், நடை, ஊர்ப் பேச்சு, சாதி, குடும்பம் எதுவும் வேண்டாம். பிள்ளைகளில் யாருடைய மதிப்பெண்ணும், யாரோடு யாரைச் சேர்த்துப் பேசுகிறார்கள் என்பதும் வேண்டாம். மேடையில் வந்த ஜோடிப் பெயர் அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய்விடும். அடி வாங்குவது அந்தப் பெண் பிள்ளை.

நடிக்கப்படுகிற ஆசிரியரிடம் ஒரு வாரம் முன்னாடியே நேரில் போய்ச் செய்துகாட்டுங்கள். பெரும்பாலும் அவரே ஒரு வசனம் கூடுதலாகக் கொடுப்பார். முகம் சுருங்கினால் அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள், வற்புறுத்த வேண்டாம். எழுதிய நோட்டு தலைமையாசிரியர் மேசைக்கு மூன்று நாள் முன்னால் போகட்டும். அதன் பிறகு ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது. வம்பு வருவது பெரும்பாலும் மேடையில் திடீரென்று சேர்த்த வசனத்தால்தான்.

பட்டப்பெயர்: ஆளுக்கு 15 விநாடி என்றாலே 92 பேருக்கு 23 நிமிடம், நடக்காது. மேலும் 92 தனிப் பெயர் யோசித்தால் முப்பதாவதுக்கு மேல் சரக்கு தீர்ந்து, "தூங்குமூஞ்சி", "சோத்துமூட்டை" என்று இறங்கிவிடும். பெஞ்சுக்கு ஒரு பட்டம் கொடுங்கள். நாலு பேர் வீதம் 23 பெஞ்ச். "ஜன்னலோர வானிலை நிலையம்", "மதியச் சாப்பாட்டை இரண்டாம் பீரியடில் முடிக்கும் அணி" என்கிற மாதிரி. யாரும் தனியாக மாட்டிக்கொள்ள மாட்டார்கள்.

---

சாக்பீஸ்_டீச்சர் எழுதியது:

வில்லுப்பாட்டுக்கே போகிறோம். வில் வாடகைக்குக் கிடைக்காத ஊர் இது. நாங்களே செய்ய முடியுமா? 23 பெஞ்சையும் வாழியில் கொண்டுவரலாமா?

---

குடமும்_கோலும் எழுதியது:

முடியும். ஏழடி நீளத்தில், கட்டைவிரலைவிடத் தடித்த மூங்கில். காய்ந்தது வளைக்கும்போது பிளந்துவிடும். பச்சையாக வாங்கி, வளைத்துக் கட்டி, ஒரு வாரம் நிழலில் வையுங்கள். நாணுக்கு முறுக்குக் கயிறு. நைலான் இழுபட்டுத் தொய்யும், நிகழ்ச்சியன்று காலையில் மறுபடி இறுக்க வேண்டியிருக்கும். மாட்டு மணி எட்டு, ஒரு சாண் இடைவெளியில் வில்லில் தொங்கட்டும். வில்லின் நடுப்பகுதியை மண்குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டி, குடத்தை வைக்கோல் பிரிமணையில் வையுங்கள். வெறும் தரையில் வைத்தால் சத்தம் செத்துவிடும், குடமும் விரியும். குடத்தின் வாயில் அடிக்கக் கமுகம்பாளை மட்டை. கிடைக்காவிட்டால் கெட்டி அட்டை மூன்றை ஒட்டி, கைப்பிடியோடு வெட்டிக்கொள்ளுங்கள். குடம் இரண்டாக வாங்குங்கள், ஒத்திகையில் ஒன்று கட்டாயம் உடையும். நாணில் அடிக்கிற வீசுகோலை நுனியில் பிடித்தால் கை சீக்கிரம் சோரும். முக்கால் பாகத்தில் பிடிக்கச் சொல்லுங்கள்.

வாழியில் 23 பெஞ்சும் தாராளமாக வரும். பெஞ்சுக்கு ஒரு வரி, 8 விநாடி, மொத்தம் மூன்று நிமிடம் நாலு விநாடி. பட்டத்தைச் சொல்லி "வாழியவே" என்று முடிக்க வேண்டும். பெயர் வந்த பெஞ்ச் எழுந்து நிற்கும், உட்காராது. கடைசி வரியில் 92 பேரும் நின்றுகொண்டிருப்பார்கள். எந்தப் பெஞ்சும் விடுபடாமல் இருக்க, நோட்டு தலைமையாசிரியரிடம் போகும் முன்பே, அந்த வாரம் திங்கட்கிழமை வகுப்புக்கே போய் இருக்கை வரிசையை எழுதி வாருங்கள். நீண்ட விடுப்பில் இருக்கிற பிள்ளையின் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசிப் பெஞ்சைக் கடைசியில் பாடச் சொல்லுங்கள், உடுக்கை அங்கேதான் வேகமெடுக்க வேண்டும்.