எக்ஸ்குளூஷன் எரர்: ‘விலக்குப் பிழை’ வேண்டாம், ‘விடுபாடு’ என்போம்

மடற்குழு நண்பர்களுக்கு வணக்கம்.

சமூகப் பாதுகாப்புத் திட்டங்களுக்கான திறமூல மென்பொருள்களின் (நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும் மென்பொருள்களின்) திரைச்சொற்களைத் தமிழாக்கும் இந்த இழையில் மூன்று வாரமாக ஒரே சொல்லில் நிற்கிறோம். தகுதி இருந்தும் பட்டியலில் இடம்பெறாமல் போகிறவர்களைப் பற்றிய ‘எக்ஸ்குளூஷன் எரர்’ என்னும் தொடருக்கு ‘விலக்குப் பிழை’, ‘புறந்தள்ளல்’, ‘தவறவிடல்’, ‘எட்டாப் பிழை’ என நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. பாளையங்கோட்டை அண்ணாச்சி, ‘விலக்குப் பிழை’யை முடிவு செய்து கோப்பில் ஏற்றிவிடலாம் என்று எழுதியிருக்கிறார்கள். அண்ணாச்சியின் சொல்லறிவின் மேல் எனக்குள்ள மதிப்பை இந்தக் குழு அறியும். ஆனாலும் இந்தச் சொல்லை ஏற்க எனக்கு மனம் ஒப்பவில்லை. காரணத்தைச் சற்று நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

‘விலக்கு’ என்ற சொல்லுக்குத் தமிழில் ஏற்கெனவே வேலை அதிகம். வரிவிலக்கு என்னும்போது அது சலுகை. மதுவிலக்கு என்னும்போது தடை. ஊர்விலக்கு என்னும்போது தண்டனை. எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் அறிந்தே, முடிவெடுத்தே செய்தது என்ற பொருள் உள்ளே இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் திரையில் ‘விலக்குப் பிழை’ என்று படித்தால், விலக்கு அளித்ததில் ஏதோ பிழை நேர்ந்திருக்கிறது, தரக்கூடாத ஒருவருக்குச் சலுகை போய்விட்டது என்றே கொள்வார். நாம் சொல்ல வந்ததோ அதற்கு நேர் எதிரானது: கிடைக்க வேண்டியவருக்குக் கிடைக்கவில்லை.

சங்கரன்கோவில் தங்கை முன்வைத்த ‘புறந்தள்ளல்’ என்பதில் உள்ள கோபம் நியாயமானது. ஆனால் தன்னைக் குற்றவாளியாக்கும் சொல்லை எந்த அலுவலரும் தன் கையால் பதிவேட்டில் ஏற்ற மாட்டார். அவர் ஏற்றாவிட்டால் பெயர் இல்லாதவருக்கு வழி பிறக்காது. ‘தவறவிடல்’ என்பதன் சிக்கல் வேறு. பேருந்தைத் தவறவிட்டவர், தேதியைத் தவறவிட்டவர் என்றுதான் நாம் பேசுகிறோம். ‘தவறவிட்டவர்’ என்று ஒரு பாட்டியைக் குறித்தால், குற்றம் அந்தப் பாட்டியின் தலையிலேயே விழும்.

‘எட்டாப் பிழை’யைப் பற்றி மட்டும் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் வேர் நல்ல வேர். ஜொவான்னி அந்திரேயா கோர்னியா, பிரான்சஸ் ஸ்டூவர்ட் என்ற இரு பொருளியலாளர்கள் 1993-இல் உணவு மானியங்களை ஆராய்ந்து எழுதியபோது, பிழைகளை இரண்டாகப் பிரித்தார்கள். உரியவரைச் சென்றடையத் தவறுவது ஒன்று. தேவையில்லாதவருக்கும் போய்ச் சேர்வது மற்றொன்று. எல்லாருக்குமான மானியத்தைக் குறிப்பிட்ட சிலருக்கென்று சுருக்கும்போது இரண்டாவது பிழை குறைந்தாலும் முதல் பிழை கூடிவிடுகிறது என்பதுதான் அவர்களுடைய கவலை. நம் மாநிலத்துக்கு இது புத்தகப் பாடம் அன்று. 1997-இல் நாடெங்கும் ரேஷன் வறுமைக் கோட்டுக்கு மேலே, கீழே என்று பிரிக்கப்பட்டபோது தமிழ்நாடு எல்லாக் குடும்பங்களுக்குமான பொது விநியோகத்தைக் கைவிடவில்லை; 2016-இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஏற்றபோதும் அதைக் காத்துக்கொண்டது. பட்டியலைச் சுருக்காமல் இருப்பதே விடுபட்டவர்களைக் குறைக்கும் முதல் வழி என்பது என் கருத்து. மென்பொருள் அதற்குப் பிறகுதான் வருகிறது. ஆகவே ‘எட்டாமை’ நல்ல சொல். ஆனால் அது வேறொரு நிலைக்குப் பொருந்துகிறது. அதற்குக் கீழே வருகிறேன்.

என் பரிந்துரை ‘விடுபாடு’. ஈடுபடு, ஈடுபாடு, வேறுபடு, வேறுபாடு, கட்டுப்படு, கட்டுப்பாடு, அதே வாய்ப்பாட்டில் விடுபடு, விடுபாடு. புதிதாக ஒட்டுப்போட்ட சொல்லாகத் தோன்றாது. பேச்சிலும் இதன் உறவுகள் வாழ்கின்றன. தாமிரபரணிக் கரையில் யாரைக் கேட்டாலும் “பேரு விட்டுப் போச்சு” என்றுதான் சொல்வார்கள். 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கிய பிறகு செய்தித்தாள்களும் ‘விடுபட்ட மகளிர்’ என்றே எழுதின. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓலையில் படியெடுத்த காலந்தொட்டு ‘எழுத்து விடுபட்டிருக்கிறது’ என்று சொல்லும்போது, குற்றம் எழுத்தினுடையது என்று யாரும் நினைத்ததில்லை. படியெடுத்தவர் திரும்பப் பார்த்துச் சேர்க்க வேண்டும் என்றே எண்ணினார்கள். இந்தச் சொல்லில் நான் விரும்புவது அதைத்தான். யாரையும் வைவதில்லை, ஆனால் திருத்த வேண்டிய கடமை ஏட்டை வைத்திருப்பவருடையது என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

அண்ணாச்சி எழுப்பக்கூடிய மறுப்பு எனக்குத் தெரியும். ‘நோயிலிருந்து விடுபட்டார்’, ‘கடனிலிருந்து விடுபட்டார்’ என்று விடுதலைப் பொருளும் இதற்கு உண்டே என்பார்கள். உண்டுதான். ஆனால் அந்தப் பொருள் ‘இலிருந்து’ என்ற உருபோடு வருகிறது. விட்டுப்போன பொருள் ‘இல்’ என்ற உருபோடு வருகிறது. ‘பட்டியலில் விடுபட்டவர்’ என்று எழுதினால் குழப்பம் எழாது. ‘பட்டியலிலிருந்து விடுபட்டவர்’ என்று எழுதக்கூடாது என்று நம் நடைக் குறிப்பில் ஒரு வரி சேர்த்துவிடலாம். அந்தப் பொருளுக்கு ‘விடுதலை’ என்ற பெயர்ச்சொல் தனியே இருப்பதால் ‘விடுபாடு’ ஏறத்தாழ ஆளில்லாத வீடாகத்தான் இருக்கிறது, நாம் குடிபுகலாம்.

‘பிழை’ என்பதைச் சேர்க்க வேண்டுமா? வேண்டாம் என்கிறேன். தகுதியில்லாதவர் பட்டியலுக்கு வெளியே இருந்தால் அவரை விடுபட்டவர் என்று யாரும் சொல்வதில்லை. இருக்க வேண்டியது இல்லாமல் போனால்தான் விடுபட்டது என்கிறோம். பிழை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கணக்கிடும் இடத்தில் ‘விடுபாட்டு விகிதம்’ என்று எழுதினால் போதும்.

அந்த விகிதத்தைப் பற்றியும் மொழிபெயர்ப்பாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தகுதியுள்ளோர் அனைவரிலும் பட்டியலுக்கு வெளியே நிற்பவர் எத்தனை பங்கு என்பதே விடுபாட்டு விகிதம். தகுதியற்றோர் உள்ளே வந்துவிடும் பிழையையோ பட்டியலில் இருப்போரை வைத்தே எண்ணிவிடலாம். விடுபாட்டை அப்படி எண்ண முடியாது. ஏனென்றால் பதிவேட்டுக்குத் தன்னிடம் இருப்பவர்களைத்தான் தெரியும், இல்லாதவர்களைத் தெரியாது. எவ்வளவு சிறந்த மென்பொருளானாலும் தன் தரவை மட்டும் அலசி இவர் விடுபட்டிருக்கிறார் என்று கண்டுபிடிக்காது. வெளியே இருந்து யாராவது வந்து சொல்ல வேண்டும்: வீடு வீடாகக் கணக்கெடுப்பவர், கிராம சபையில் எழுந்து நிற்பவர், மனு எழுதிக் கொடுப்பவர். 2005-ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம் தன் 17-ஆவது பிரிவில் சமூகத் தணிக்கையை, அதாவது திட்டப் பணிகளை ஊர்மக்களே சரிபார்க்கும் வேலையை, கிராம சபையிடம் கொடுத்ததும் இந்தக் காரணத்தால்தான் என்று நான் புரிந்துகொள்கிறேன். ஆகவே ‘விடுபாடு’ என்ற சொல் முதலில் அச்சாகப்போவது அதிகாரியின் அறிக்கையில் அன்று. ஊர்க்காரர் நிரப்பும் படிவத்தின் தலைப்பில். அங்கே ‘விலக்குப் பிழை’ என்று இருந்தால் யாரும் அந்தப் படிவத்தைத் தனக்கானது என்று எடுக்க மாட்டார்கள்.

திறந்த கருவிகளின் பயன் எனக்குப் புரிவதும் இந்த இடத்தில்தான். நாம் பேசும் சமூகப் பாதுகாப்பு மென்பொருள்களான ஓப்பன்எஸ்பிபி, ஓப்பன்ஜி2பி இரண்டும் ஓடூ என்ற திறமூல மென்பொருளின் மேல் கட்டப்பட்டவை. அவற்றின் திரைச்சொற்கள் ‘பிஓ’ என்னும் மொழிபெயர்ப்புக் கோப்புகளில் வரிவரியாக இருக்கின்றன, யாரும் திறந்து தமிழ் வரியைச் சேர்க்கலாம். தான்சானியாவில் மருத்துவக் காப்பீட்டுக்காகத் தொடங்கிய ஓப்பன்ஐமிஸ் இப்படித்தான் நேபாளத்தின் காப்பீட்டுத் திட்டத்துக்கும் வந்து சேர்ந்தது. நம் ரேஷன் கடைக் கருவியிலோ முதியோர் உதவித்தொகையைக் கவனிக்கும் ஓஏபி தாசில்தார் அலுவலகத்திலோ இருப்பவை வேறு மென்பொருள்கள். அவற்றின் சொற்கள் முடிவான பிறகே நம்மிடம் வருகின்றன. சொல் தவறாக இருந்தால் திருத்தக் கேட்கும் இடம்கூடத் தெரிவதில்லை.

சொல்லோடு விதியும் திறந்திருக்க வேண்டும். மகளிர் உரிமைத் தொகைக்கு ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள், மின்சாரம் ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்குள் என்று விதிகள் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டிருந்ததால், ஒரே மீட்டரில் மூன்று அடுப்பு எரியும் வீட்டுப் பெண், தான் எந்த வரம்பில் நின்றோம் என்று தெரிந்துகொண்டு கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு எழுத முடிந்தது. விதி தெரியாதிருந்தால் அதிர்ஷ்டம் இல்லை என்று வீட்டுக்குப் போயிருப்பார். திறந்திருக்க வேண்டியது விதியும் நிரலுமே. ஆட்களின் விவரங்கள் அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். யாருக்கு விதவை உதவித்தொகை வருகிறது, யாருக்கு என்ன நோய் என்பதை ஊர் பார்க்க வைப்பதற்குத் ‘திறந்த’ என்ற அடைமொழியைப் பயன்படுத்தக்கூடாது.

இனி நிலைகளைப் பிரிக்கும் வேலை. ஆங்கிலத்தில் ஒரே தொடருக்குள் மூன்று வேறு துன்பங்கள் அடைந்து கிடக்கின்றன. பெயர் ஏட்டில் ஏறவே இல்லை என்பது ஒன்று, இதுதான் விடுபாடு. ஏறியிருந்த பெயரை எடுத்துவிட்டார்கள் என்பது இன்னொன்று. உயிரோடு இருக்கும் முதியவரை இறந்தவர் என்று குறித்துவிடுவதும் இதில் அடங்கும். வாக்காளர் பட்டியல் வழியாக ‘பெயர் நீக்கம்’ என்ற சொல் மக்களுக்கு ஏற்கெனவே தெரியும், அதையே வைத்துக்கொள்வோம். மூன்றாவது நிலையில் பெயர் இருக்கிறது, ஆனால் பொருளோ பணமோ கைக்கு வரவில்லை. ‘எட்டாமை’ என்ற சொல் இதற்கே உரியது. திரையில் பொதுமக்கள் படிக்கும் வரியாக வரும்போது, வழக்கில் உள்ளபடி ‘கணக்கில் பணம் ஏறவில்லை’ என்றே எழுதலாம்.

மூன்றாவது நிலையை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் பெரியம்மை, அதாவது பெரியம்மா. நெல்லை மாவட்டத்து முக்கூடலில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பீடி சுற்றியவர்கள். இலை நறுக்கி, தூள் வைத்து, முனை மடக்கி, நூல் கட்டிக் கட்டிப் பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் ரேகை தேய்ந்துவிட்டது. கைரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை வந்த பிறகு ஒரு நாள், நியாயவிலைக் கடையில் மூன்று முறை வைத்தும் கருவி எடுக்கவில்லை. விற்பனையாளர் திரையில் வந்ததை ‘அங்கீகாரம் தோல்வி’ என்று படித்துச் சொல்லியிருக்கிறார். பெரியம்மை வீட்டுக்கு வந்து, “நம்ம கார்ட தள்ளிட்டாவ மக்கா, இனும அரிசி கெடையாதாம்” என்றார்கள். இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. அட்டைக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. மாற்று வழியும் இருந்தது. கருவியின் இயலாமையை மனுஷியின் தோல்வியாகச் சொன்ன இரண்டு சொற்கள் அவர்களை இரண்டு மாதம் வீட்டிலேயே நிறுத்திவிட்டன. ஆகவே அந்த வரியை ‘கருவியால் ரேகையைப் படிக்க முடியவில்லை, பதிவு நடப்பில் உள்ளது, வேறு வழியில் சரிபார்க்கவும்’ என்று எழுத வேண்டும் என்று கேட்கிறேன். நீளம் என்று சொல்வீர்கள். திரையில் இடம் இருக்கிறது.

கலைச்சொல் வேலை நெல்லைக்குப் புதிதன்று. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் பெயரில் சென்னையைத் தாங்கியிருந்தாலும் இ.மு. சுப்பிரமணிய பிள்ளையின் முயற்சியால் நெல்லையிலிருந்தே இயங்கியது. 1936-இல் விபுலானந்த அடிகள் தலைமையில் சொல்லாக்க மாநாடு கூட்டி, 1938-இல் கலைச்சொற்களை நூலாக வெளியிட்டது. அவர்கள் பள்ளிப் பாடங்களுக்காகச் சொல் ஆக்கினார்கள். கடினமான சொல்லை மாணவனுக்கு விளக்க வகுப்பில் ஆசிரியர் இருந்தார். நாம் ஆக்கும் சொல்லுக்குப் பக்கத்தில் ஆசிரியர் இருக்க மாட்டார். வரிசையில் பின்னால் நிற்பவர்களின் அவசரம்தான் இருக்கும்.

நடைமுறைக்கு ஒன்று. அக்டோபர் 2 கிராம சபைக்கு முன்னால், ‘விடுபாட்டுப் படிவம்’ என்று ஒரு தாளும் ‘விலக்குப் பிழைப் படிவம்’ என்று ஒரு தாளும் அச்சிட்டு, பீடிக் கடையில் சரக்குக் கொடுக்க வரும் பெண்களிடம் வாசித்துக் காட்டி, எதை எதற்கென்று புரிந்துகொள்கிறார்கள் என்று எழுதி அனுப்புகிறேன். அதுவரை கோப்பில் அந்த வரியைக் காலியாகவே விட்டுவைக்க வேண்டுகிறேன். இதற்கு இணையாக, தகுதியற்றோர் உள்ளே வந்துவிடுவதைக் குறிக்கும் ‘இன்குளூஷன் எரர்’ இன்னும் நிற்கிறது. ‘மிகைச் சேர்ப்பு’ என்று எழுதிப் பார்த்தேன், செவிக்கு ஒத்துவரவில்லை. அதற்கு அண்ணாச்சிதான் ஒரு சொல் தர வேண்டும்.

அன்புடன்,
முக்கூடலிலிருந்து