முதல்முறை ஜிம் போகத் தயக்கம், யோசனை சொல்லுங்கள்

வணக்கம். மதுரை, வயது 46. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது. நடை மட்டும் போதாது, வாரம் 2 நாளாவது எடைப் பயிற்சி செய்யுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தெருமுனையிலேயே ஜிம். வாசல் வரை போவேன். உள்ளே பையன்கள் டம்பெல்ஸைத் தொப்பென்று போடும் சத்தம் கேட்டதும் கால் தானாகத் திரும்பிவிடுகிறது. எடை மாட்டாத வெறும் கம்பியே 20 கிலோவாமே!

அக்கா தங்கச்சிகளே, கூட்டம் குறைவான நேரம் எது, காலை 11 மணி வாக்கில் போகலாமா? பெண் டிரெய்னர் கேட்டால் தருவார்களா? சுடிதாரோடு டிரெட்மில் ஏறலாம்தானே, துப்பட்டாவை என்ன செய்வீர்கள்? போனில் விசாரித்தால் வருடச் சந்தா என்கிறார்கள். அப்புறம், ‘யாரும் உங்களைப் பார்க்க மாட்டார்கள்’ என்று மட்டும் சொல்லாதீர்கள், அதை வீட்டுக்காரர் தினமும் சொல்கிறார்.