மம்லூக் (எகிப்த ஆண்ட சுல்தான்கள்) காலத்துக் கண்ணாடி மசூதி விளக்கு நேர்ல பாத்தவங்க அனுபவம் சொல்லுங்க

நாகூர்க்காரன்:
கெய்ரோ இஸ்லாமியக் கலை மியூசியம். 2014 குண்டுவெடிப்புக்கு முன்னாடி போனது. சுல்தான் ஹசன் பள்ளிவாசல் விளக்கெல்லாம் இருக்குற ஹால், பக்கத்துல ஒரு எகிப்துப் பெரியவர் கண்ணாடிப் பெட்டில விரல வச்சு விளக்கோட கழுத்துல இருக்குற நீல எழுத்த ஒண்ணொண்ணா ஓதுறார், "அல்லாஹு நூருஸ் ஸமாவாத்தி வல் அர்ள்"னு, அல்லாஹ்தான் வானம் பூமியோட ஒளின்னு அர்த்தம். இந்த விளக்குங்கள்ல குர்ஆன் ஆயத்து (வசனம்) முழுசா இருக்காது தெரியும்ல, ஒரு சுத்து வந்ததும் இடம் தீந்துடும், பாதியில நிக்கும். அவரும் அங்கயே நிறுத்திட்டார். மீதிய நான் ஓதினேன், மதரஸாவுல மனப்பாடம் பண்ணினதுதான். மனுஷன் என் கையப் புடிச்சவர் விடவேயில்ல, அரபில என்னென்னமோ பேசுறார், எனக்கு ஓதத்தான் வரும் பேச வராதே. அப்புறம் எதிர்ல இருந்த போலீஸ் தலைமையகத்துக்கு வச்ச குண்டுல மியூசியமும் சேதமாகி கண்ணாடிப் பொருள் நெறைய உடஞ்சுதுன்னு நியூஸ் பாத்தப்ப அவர் விரல்தான் ஞாபகம் வந்துச்சு. 2017-ல திறந்துட்டாங்க, இன்னும் போகல.

லண்டன் மாமி:
விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல என் பேத்தி பாத்த உடனே "பாட்டி இது கோணலா இருக்கு"ன்னுட்டா, சத்தமா. குனிஞ்சு பாத்தா நெஜமாவே ஒரு பக்கம் சாய்வு, கண்ணாடிக்குள்ள குட்டி குட்டி குமிழ் வேற. எல்லாரும் குறையே இல்லாத வேலைன்னு எழுதுறாங்க, எனக்கு அந்தக் குறைதான் புடிச்சிருந்தது. ஊதி முடிச்ச கண்ணாடி மேல கலர்க் கண்ணாடிப் பொடியையும் தங்கத்தையும் தீட்டி மறுபடி சூளைல காட்டணும், பொடி உருகணும் ஆனா பாத்திரம் உருகக் கூடாது. கொஞ்சம் அசந்தா தொங்கிடும்.

எண்ணெய்த்திரி:
மாமி சொல்றது சரி, ஆனா மேல எல்லாரும் விளக்கு விளக்குங்கறீங்க, அது விளக்கோட கூடுதான்யா. உள்ள தனியா ஒரு சின்ன கண்ணாடிக் கிண்ணம், தண்ணி, அதுமேல எண்ணெய், திரி. வெளிக்கூட்டுல இருக்குற காதுல சங்கிலி மாட்டித் தொங்க விடுவாங்க. மியூசியத்துல வெளிய இருந்து ஸ்பாட்லைட் அடிச்சுப் பாக்குறது பாதிப் பார்வைதான். வயித்துப் பக்கம் நீலத்த நிரப்பி எழுத்த மட்டும் விட்டு வச்சிருப்பான், உள்ள எரிஞ்சா அந்த எழுத்துதான் ஒளிரும்.

ஜெர்சி சிட்டிவாசி:
நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்துல அமீர் (மம்லூக் பிரபு) கவ்ஸூன் விளக்கு. அதுல கோப்பைச் சின்னம். சுல்தானுக்குப் பானம் ஊத்திக் குடுத்த உத்தியோகம், அதையே முத்திரையா போட்டுக்கிட்டான், வெக்கமெல்லாம் இல்ல. செஞ்சவன் அலி இப்னு முஹம்மதுன்னு கையெழுத்தும் இருக்கு. அந்த அமீர 1342-ல ஜெயில்லயே கொன்னுட்டாங்க, கண்ணாடி இன்னும் இருக்கு, அத நெனச்சு அங்கயே நின்னுட்டேன், வீட்டுக்காரி திட்டித்தான் நகந்தேன்.

பழம்பொருள் பிரியன்:
நான் கெய்ரோ கான் அல் கலீலி கடைவீதில ஒண்ணு பாத்தேன், கடைக்காரர் 700 வருஷம் பழசுன்னார், சிரிச்சிட்டு வந்துட்டேன். இப்ப எல்லாரும் கவனமா கேளுங்க. முதல்ல, எகிப்துல 1983-ல வந்த 117-ஆம் சட்டப்படி பழம்பொருள் வியாபாரமே கூடாது, அசல்னு சொல்லி வித்தா ஒண்ணு பொய், இல்ல குத்தம். அடுத்தது தங்கத்தப் பாருங்க, பழசுல தேஞ்சு அங்கங்க சிவப்புக் கோடு மட்டும் மிஞ்சியிருக்கும், பளபளன்னு முழுசா இருந்தா சந்தேகப்படணும். கண்ணாடி தெளிஞ்ச தண்ணி மாதிரி இருந்தாலும் சந்தேகம்தான், பழசுல லேசா ஒரு பழுப்பு இருக்கும். அப்புறம் பாரிஸ்ல ப்ரோக்கார்னு ஒருத்தர் 19-ஆம் நூற்றாண்டுல இதே மாதிரி செஞ்சு தள்ளினார், அந்தப் போலியெல்லாம் இன்னும் சுத்துது.

நாகூர்க்காரன்:
பாய், இங்க யாரு வாங்கப் போறா?

லண்டன் மாமி:
ப்ரோக்கார போலின்னு சொல்லாதீங்கோ. பழச உக்காந்து பாத்து யாரும் சொல்லிக் குடுக்காமலே அந்த வித்தைய மறுபடி கண்டுபிடிச்சவர், 1867 பாரிஸ் கண்காட்சில வெளிப்படையா தன் பேர்லதான் வச்சார். பேர அழிச்சிட்டு வித்தவாள்னா அவாளத் திட்டுங்கோ.