எஃப்1 அழுத்தினால் உதவித் திரைக்குப் பதில் லெட்ஜர் திறக்கிறது (ஜிடபிள்யூ-பேசிக், டாஸ்பாக்ஸ்)

முல்லைக்கொடி:
வணக்கம். என் அப்பா வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்தார். கல்யாண வீடுகளுக்குப் போய்வரும் அண்டா, குண்டான், கரண்டி வரைக்கும் கணக்கு வைக்க 1991இல் அவரே ஜிடபிள்யூ-பேசிக் என்ற டாஸ் காலத்து புரோகிராம் மொழியில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினார். அந்த ஃபிளாப்பியிலிருந்து ஃபைலை எடுத்து, டாஸ்பாக்ஸில் (பழைய டாஸ் புரோகிராம்களை இன்றைய கணினியில் ஓட்டும் மென்பொருள்) ஜிடபிள்யூ-பேசிக் 3.23 போட்டு ஓட்டிப் பார்க்கிறேன். மெனு வருகிறது, பழைய பதிவுகளும் வருகின்றன. ஷார்ட்கட் கீகள்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

முதல் பிரச்சினை: எஃப்1 அழுத்தினால் உதவித் திரை வர வேண்டும். வருவதில்லை. லெட்ஜர் திரை திறக்கிறது, அங்கே வாடிக்கையாளர் பெயர் கேட்கும் இடத்தில் ஐ, எஸ், டி என்று மூன்று எழுத்து ஏற்கெனவே விழுந்து கிடக்கிறது. ஒவ்வொரு முறையும் இதேதான்.

இரண்டாவது: கண்ட்ரோல்+எஸ் அடித்தால் சேமிக்க வேண்டும். சில நேரம் முதல் தடவையிலேயே சேமிக்கிறது, சில நேரம் பத்துத் தடவை அழுத்தினாலும் ஒன்றும் நடப்பதில்லை. நேற்று 14 பதிவுகள் இப்படிப் போய்விட்டன.

10ஆம் வரியிலேயே கீ ஆஃப் இருக்கிறது. எழுத்து வாங்குவது எல்லாம் இன்கீ$ வழியாக, அதாவது அழுத்திய கீயை ஒவ்வொன்றாக வாங்கித் தரும் கட்டளை. மெனுவில் எல் என்றால் லெட்ஜர், ஆர் என்றால் ரிட்டர்ன், ஐ என்றால் இஷ்யூ. கண்ட்ரோல்+எஸ்ஸுக்கு இப்படி ஒரு வரி:

60 கீ 15, சிஎச்ஆர்$(4)+சிஎச்ஆர்$(31)

(ஃபோனில் தமிழில் அடிப்பதால் கட்டளைகளையும் தமிழ் எழுத்திலேயே போட்டிருக்கிறேன்.)

சி_மாணவன்:
அக்கா, முதலில் டாஸ்பாக்ஸைச் சந்தேகப்படுங்க. சில கீகளை அதுவே பிடுங்கிக்கொள்ளும். எங்கள் காலேஜ் லேபில் டர்போ சி-யில் புரோகிராமை ஓட்ட கண்ட்ரோல்+எஃப்9 அழுத்துவோம். டாஸ்பாக்ஸில் அதே கீ டாஸ்பாக்ஸையே மூடிவிடும்! சேமிக்காத கோடு மொத்தமும் போய், அழாத குறையாக உட்கார்ந்திருக்கிறேன். கண்ட்ரோல்+எஃப்1 அழுத்தினால் கீ மேப்பர் என்ற கீ அமைப்புத் திரை திறக்கும், அங்கே எது எதற்கு ஒதுக்கியிருக்கிறது என்று பார்த்து மாற்றலாம்.

முல்லைக்கொடி:
பார்த்தேன் தம்பி. கண்ட்ரோல்+எஸ்ஸோ, தனி எஃப்1-ஓ அதில் இல்லை. ஆனால் கண்ட்ரோல்+எஃப்9 விஷயம் தெரிந்தது நல்லதாய்ப் போயிற்று.

பழைய_எக்ஸ்டி:
அம்மா, உங்கள் முதல் பிரச்சினைக்கு விடை நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. ஐ, எஸ், டி என்று விழுகிறது என்கிறீர்களே, அதற்கு முன்னால் ஒரு எல் சேர்த்துப் படியுங்கள். லிஸ்ட்!

ஜிடபிள்யூ-பேசிக் கிளம்பும்போதே பத்து ஃபங்ஷன் கீகளுக்கும் ஒவ்வொரு சொல்லை ஏற்றி வைத்திருக்கும். எஃப்1 என்றால் லிஸ்ட், எஃப்2 என்றால் ரன், எஃப்3 லோட், எஃப்4 சேவ். புரோகிராம் எழுதுகிறவருக்கு விரல் வேலை மிச்சமாகட்டும் என்று செய்த வசதி அது. புரோகிராம் ஓடும்போதும் அது அப்படியே உயிரோடு இருக்கும். நீங்கள் எஃப்1 அழுத்தினால் இன்கீ$ கையில் அந்தச் சொல் ஒவ்வொரு எழுத்தாகக் கிடைக்கும். எல் வந்ததும் மெனு லெட்ஜரைத் திறந்துவிட்டது. மிச்ச எழுத்துகள் பெயர்க் கட்டத்தில் விழுந்துவிட்டன. கூடவே கடைசியில் ஒரு இடைவெளியும் விழுந்திருக்கும், கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

சரிபார்க்க ஒரு வழி. மெனுவில் நின்றுகொண்டு எஃப்2 அழுத்துங்கள். ரிட்டர்ன் திரை திறந்து, பெயர்க் கட்டத்தில் யூ, என் என்று விழுந்து, நீங்கள் தொடாமலே என்ட்டரும் விழ வேண்டும். ரன் என்ற சொல்லோடு என்ட்டரையும் சேர்த்துத்தான் ஏற்றியிருப்பார்கள்.

10ஆம் வரியில் கீ ஆஃப் இருக்கிறதே என்று நினைப்பீர்கள். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் சென்டரில் நான் பாடம் எடுத்தபோது வருகிற ஒவ்வொரு பேட்ச்சும் இதே இடத்தில் தடுக்கி விழும். கீ ஆஃப் என்பது திரையின் 25ஆம் வரியில் அந்தச் சொற்களைக் காட்டாமல் மறைக்கும், அவ்வளவுதான். கீயில் ஏற்றிய சொல் போகாது. கீ(1) ஆஃப் என்று அடைப்புக்குறி போட்டு எழுதினால் அது வேறு, ஆன் கீ கோசப்பால் வைத்த பொறியை (ஒரு கீ அழுந்தியதும் புரோகிராமின் குறிப்பிட்ட பகுதிக்குத் தாவ வைக்கும் ஏற்பாடு) நிறுத்துவது. சொல்லை எடுக்க வேண்டுமானால் அந்தக் கீக்கு வெற்றுச் சொல்லைக் கொடுக்க வேண்டும்:

15 ஃபார் ஐ=1 டு 10: கீ ஐ,"": நெக்ஸ்ட்

இதற்குப் பிறகு எஃப்1 அழுத்தினால் இன்கீ$ இரண்டு எழுத்து நீளத்தில் ஒன்றைத் தரும். முதல் எழுத்தின் எண் 0, இரண்டாவது 59. எஃப்2-க்கு 60, அப்படியே போய் எஃப்10-க்கு 68. உங்கள் அப்பா அந்த 59-ஐத்தான் எங்காவது சோதித்திருப்பார்.

சந்தேகமிருந்தால் மெயின் புரோகிராமைத் தொடாமல் இதைத் தனியாக ஓட்டிப் பாருங்கள்:

10 ஏ$=இன்கீ$: இஃப் ஏ$="" தென் 10
20 பிரிண்ட் லென்(ஏ$), அஸ்க்(ஏ$): கோட்டு 10

எஃப்1-ஐ ஒரு முறை அழுத்தினால் இப்போது ஐந்து வரி வரும். நீளம் எல்லாம் 1, எண்கள் 76, 73, 83, 84, 32 (எல், ஐ, எஸ், டி, இடைவெளி ஆகியவற்றின் எண்கள்). மேலே சொன்ன 15ஆம் வரியை இதன் தலையில் 5ஆம் வரியாகப் போட்டுவிட்டு மறுபடி அழுத்துங்கள். ஒரே வரிதான் வரும்: நீளம் 2, எண் 0.

முல்லைக்கொடி:
ஐயா, எஃப்2 நீங்கள் சொன்னபடியே நடந்தது. ரிட்டர்ன் திரை, "யூஎன் என்ற பெயரில் பாக்கி இல்லை" என்று ஒரு செய்தி. உடம்பு சிலிர்த்துவிட்டது. சின்னச் சோதனையிலும் 76, 73, 83, 84, 32 அச்சு அசலாக வந்தது. 15ஆம் வரியைச் சேர்த்தேன், உதவித் திரை திறந்தது!

ஒன்று மட்டும் புரியவில்லை. அப்பா காலத்தில் இந்த வரி இல்லாமல் எப்படி ஓடியது?

பழைய_எக்ஸ்டி:
வேறொரு சின்ன ஃபைலில் இருந்திருக்கும். முதலில் அதை ஓட்டிக் கீகளைத் துடைத்துவிட்டு, அதிலிருந்தே மெயின் ஃபைலை ரன் செய்வது அப்போது வழக்கம். பேசிக்கை விட்டு வெளியே வராதவரை கீ அமைப்பு அப்படியே நிற்கும். ஃபிளாப்பியில் இன்னொரு பேசிக் ஃபைல் இருந்ததா என்று பாருங்கள்.

வரி_பத்து:
கண்ட்ரோல்+எஸ்ஸை நான் எடுத்துக்கொள்கிறேன். அக்கா, சேமிக்காத நேரத்தில் கீபோர்டில் நம்லாக் விளக்கு எரிகிறதா? தொகையை வலப்பக்க எண் கட்டத்திலா அடிக்கிறீர்கள்?

முல்லைக்கொடி:
ஆமாம், எண் கட்டத்தில்தான். இப்போது சோதித்தேன். விளக்கு எரிந்தால் சேமிக்கவில்லை, அணைத்தால் சேமிக்கிறது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

வரி_பத்து:
உங்கள் 60ஆம் வரிதான் சொன்னது. கீ 15 முதல் 20 வரை ஆறு பொறிகளை நாமே வைத்துக்கொள்ளலாம். இரண்டு எண் தர வேண்டும். இரண்டாவது எண் எந்தக் கீ என்பது, எஸ் கீக்கு 31. முதல் எண், கூடவே எதெல்லாம் அழுந்தியிருக்க வேண்டும் என்பது. கண்ட்ரோலுக்கு 4, ஆல்ட்டுக்கு 8, நம்லாக்குக்கு 32, கேப்ஸ்லாக்குக்கு 64. இதில்தான் சூட்சுமம்: இந்த எண் அப்படியே பொருந்த வேண்டும். 4 என்று எழுதினால் கண்ட்ரோல் மட்டும், வேறு எதுவும் இருக்கக்கூடாது. நம்லாக் எரிந்துகொண்டிருந்தால் கணக்கு 36 ஆகிவிடுகிறது, பொறி கண்டுகொள்ளாமல் விட்டுவிடும்.

அப்பாவிடம் இருந்தது பழைய 83 கீ கீபோர்டு என்றால் அதில் அம்புக்குறிக்குத் தனிக் கீ கிடையாது, எண் கட்டமேதான் அம்புக்குறி. அதனால் நம்லாக்கைப் போடாமல் மேல்வரிசையில் எண் அடித்திருப்பார். அவருக்கு இந்தக் கோளாறு கண்ணில் பட்டிருக்கவே வாய்ப்பில்லை.

நான்கு நிலைக்கும் பொறி வையுங்கள்: 4, 36, 68, 100. இரண்டாவது எண் எல்லாவற்றுக்கும் 31. கீ 15 முதல் 18 வரை போகும். வேறு ஷார்ட்கட் ஏதும் இருக்கிறதா?

முல்லைக்கொடி:
பில் அச்சடிக்க கண்ட்ரோல்+பி, கீ 16-இல் இருக்கிறது.

வரி_பத்து:
அதை கீ 19-க்கு நகர்த்துங்கள், 20-இல் அதன் நம்லாக் நிலை. பி கீயின் எண் 25. ஆறும் தீர்ந்தது, கேப்ஸ்லாக் போட்டுக்கொண்டு அச்சடிக்க முடியாது, அது ஒன்றுதான் குறை. ஒவ்வொரு எண்ணுக்கும் ஆன் கீ கோசப் வரியும், கீ ஆன் வரியும் தனித்தனியாக வேண்டும். ஒன்றை விட்டாலும் அந்தப் பொறி தூங்கும். திருத்துவதற்கு முன்னால் ஃபைலை ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

முல்லைக்கொடி:
முதலில் கீ(17) ஆன் விட்டுப்போய், கேப்ஸ்லாக்கில் மட்டும் தகராறு செய்தது. அதையும் சேர்த்த பிறகு நான்கு நிலையிலும் சேமிக்கிறது. விட்டுப்போன 14 பதிவுகளையும் எண் கட்டத்திலேயே மறுபடி அடித்து முடித்தேன்.

அப்பாவிடம் கேட்டேன். "ஆமா, தொடக்கத்துக்குன்னு நாலு வரியில ஒண்ணு இருந்துச்சே" என்றார். ஃபிளாப்பியில் அந்த ஃபைல் படிக்க முடியாத இடத்தில் இருக்கிறது போல. கடையில் அவர் எஃப்1 என்று பேனாவால் எழுதி ஒட்டிய துண்டுக் காகிதம் இன்னும் அந்தப் பழைய கீபோர்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவரை உட்காரவைத்து, மடிக்கணினியில் அதே கீயை அழுத்தச் சொல்லப் போகிறேன்.