அம்மா ஆட்டை விக்கவே மாட்டேங்கறாங்க, இதுல அப்படி என்னங்க இருக்குது?

வெள்ளகோவில் தம்பி:
வணக்கமுங்க. நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில வேலைல இருக்கறேன், அம்மா மட்டும் தோட்டத்துச் சாளைல இருக்காங்க, கூட பத்துப் பன்னெண்டு வெள்ளாடு, ரெண்டு மூணு மேச்சேரி செம்மறி. முழங்கால் வலி வேற. நான் மாசாமாசம் பணம் அனுப்பறேன், வித்துப்போட்டு இங்க வந்துருங்கன்னா காதுலயே வாங்க மாட்டேங்கறாங்க. போன வாரம் நாய் பூந்து ரெண்டு குட்டியக் கடிச்சுப் போட்டுருச்சு, அழுதுட்டே மறுநா காலைல மீதிய ஓட்டிட்டுப் போறாங்க. ஆடு வெச்சிருக்கறவங்க சொல்லுங்க, கணக்குப் பாத்தா மிச்சம் ஆகுதுங்களா, இல்ல வேற ஏதாச்சுங்களா?

மூலனூர் காட்டுக்காரன்:
மிச்சம் ஆகும் தம்பி, ஆனா கொரங்காடு, அதான் வேலி போட்ட மேய்ச்சக்காடு, இருந்தாத்தான். வெள்ளாட்டுக்குச் சினை அஞ்சு மாசம், நல்லா பாத்துக்கிட்டா ரெண்டு வருசத்துல மூணு ஈத்து, ரெட்டைக்குட்டியும் சகஜம். நம்ம பக்கம் மழை கம்மி, போர்ல தண்ணி இல்லீனா வெள்ளாமை போச்சு, ஆனா கிளுவை வேலி போட்ட காட்டுல கொழுக்கட்டைப் புல்லு காஞ்சு நின்னாலும் செம்மறி மேஞ்சுக்கும், வெள்ளாடு வேலித்தழையக் கடிச்சே வயித்த ரொப்பிக்கும். வெள்வேலங்காய் உதிர்ற சமயம் பாருங்க, மரத்தடிய விட்டு நகராது. தின்ன காயோட வெதை புழுக்கைல வந்து காட்டுலயே மொளைக்கும், ஆருமே நடாத மரம் அப்படி எத்தனை நிக்குது! கடைத்தீவனம் வாங்கிப்போட்டுப் பரண்ல வளர்க்கறது வேற கணக்கு, அதையும் இதையும் ஒண்ணா போட்டுப் பாக்காதீங்க.

சென்னிமலை அக்கா:
கண்ணு, உங்கம்மாவுக்கு அது சொந்தக் காசு. நீ அனுப்பறதுல செலவு பண்ணுனா மகன் காசுன்னு மனசுல ஒரு ரோசனை ஓடும். ஒறம்பரை வூட்டு சீரு, பேத்திக்குத் தோடு, கோயல் நோம்பி, எதுன்னாலும் ஒரு கிடாயப் புடிச்சுக் குடுத்தா அன்னிக்கே கைல பணம், ஆருகிட்டயும் நிக்க வேண்டியதில்ல. எங்கூர்ல புருசன் இல்லாத பொம்பளைங்க எத்தனையோ பேரு ஆட்டை வெச்சே புள்ளைங்களப் படிக்க வெச்சாங்க. 2011ல கவர்மெண்டு ஏழைப் பொம்பளைங்க பேருக்கு 4 ஆடு இலவசமாக் குடுத்துச்சே, அது பெருகி இன்னமும் பட்டில நிக்கற வூடு எனக்குத் தெரியும். அப்பறம் பேச்சுத்துணை. சாயங்காலம் தாய் காட்டுலருந்து வர்ற சத்தம் கேட்டதும் கூடைக்குள்ள கெடக்கற குட்டிக அத்தனையும் கத்தும், தெறந்துவுட்டா ஒண்ணுகூட மாறாம அதது தாய்கிட்டப் போய் முட்டிக் குடிக்கும். அதத் தெனமும் பாக்கறவங்களை அபார்ட்மெண்ட்ல கொண்டுபோய் உக்கார வெச்சா என்ன பண்ணுவாங்க?

காங்கேயம் பட்டி:
அக்கா சொன்னது அத்தனையும் சரி. ஆனா நாய் விசயத்த வுடாதீங்க, நம்ம பக்கம் பூராவுமே இந்தக் கொடுமைதான், செத்த ஆட்டை ரோட்டுல போட்டு மறியலே பண்ணுனாங்க. மொதல்ல பட்டிய சுத்தி ஆள் உசரத்துக்குக் கம்பி வலை, அடில மண்ணுக்குள்ளயும் கொஞ்சம் பொதைக்கோனும், இல்லீனா நாய் மண்ணைப் பறிச்சுட்டு உள்ள வந்துரும். மறுக்கா கடிச்சா போட்டோ எடுத்து, கால்நடை டாக்டரையும் விஏஓவையும் பாக்க வெச்சு எழுதி வாங்குங்க, அதில்லாம நஷ்டஈடு கேக்கவே முடியாது. ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி போட்டாச்சான்னு கேளுங்க, செம்மறிக்கு மழைக்கு முன்னாடி துள்ளுமாரி நோய்க்கு ஊசியும் வேணும். கால் வலிக்கு, பாதி ஆட்டை வாரத்துக்கு, அதான் குட்டில பங்கு பேசி வேற ஆளுகிட்ட வளர்க்க, வுட்டுட்டு நாலஞ்சு மட்டும் வெச்சுக்கச் சொல்லுங்க.

வெள்ளகோவில் தம்பி:
ரொம்ப நன்றிங்க. அக்கா சொன்னதப் படிச்சதும் அம்மாவுக்குப் போன் பண்ணிட்டேன், விக்கச் சொல்லி இனி கேக்கல. ஞாயித்துக்கெழமை ஊருக்குப் போய் வலைக்கு அளவு எடுக்கறேன். வாரத்துக்கு வுட்டா குட்டி பங்கு எப்படிங்க?

காங்கேயம் பட்டி:
எங்கூர்ல தாய் ஆடு உங்களுது, குட்டில பாதிக்குப் பாதி. வுடறதுக்கு முன்னாடியே பேசிக்கோங்க, ஒத்தைக்குட்டி போட்டா என்ன, தாய் செத்தா ஆருக்கு நட்டம்னு.